ஹாட் ராட் கார்களில் ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சின்

ஹாட் ராட் என்பது பழைய கார் ஒன்றின் எடையைக் குறைத்து, எஞ்சினின் திறனைக் கூட்டி, வேகமாக ஓடும்படி மாற்றி அமைக்கப்பட்ட காராகும். அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் 1930களில் இப்பழக்கம் பரவியது. இளைஞர்கள் தாமே அமைத்த கார்களை மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகத்தை அளந்தனர். 1950களின் நடுப்பகுதி வரை அவர்கள் பெரிதும் பயன்படுத்தியது ஃபோர்டு நிறுவனத்தின் ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சின் ஆகும்.

அமைப்பு

இந்த எஞ்சின் 1932இல் அறிமுகமானது. இதன் கொள்ளளவு 221 கன அங்குலம் (சுமார் 3.6 லிட்டர்); திறன் 65 குதிரைத்திறன். எட்டு சிலிண்டர்களும் அடங்கிய பிளாக் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டதால் விலை குறைந்தது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே அமைந்துள்ளன. அதனால் சிலிண்டர் ஹெட் ஒரு தட்டையான மூடி போல இருக்கும். பெயருக்குக் காரணமும் இதுவே.

இதன் பெரிய குறை வெப்பமாகும். எரிந்த சூடான புகை பிளாக்கின் உள்ளே சுற்றி வந்தே வெளியேறுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு சிலிண்டர்களுக்கு மூன்று புகை வழிகளே உள்ளன; நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. புகையின் வெப்பம் குளிர்விக்கும் நீருக்குச் செல்வதால் எஞ்சின் எளிதில் சூடேறுகிறது.

எஞ்சினைத் தேர்ந்தெடுத்தல்

பழைய எஞ்சினை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது பிளாக்கில் விரிசல் உள்ளதா என்பதே. பலமுறை சூடேறிக் குளிர்ந்த பிளாக்குகளில் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே விரிசல் காணப்படுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காந்தத் துகள் சோதனையாலும், நீர்க் கசிவை அழுத்தச் சோதனையாலும் கண்டறியலாம். சோதிக்காத பிளாக்கில் புதிய பாகங்களைப் பொருத்தினால் செலவு முழுவதும் வீணாகக்கூடும்.

அடுத்தது ஆண்டு. 1949 முதல் 1953 வரை வந்த மெர்க்குரி கார்களின் எஞ்சின் பலரால் விரும்பப்படுகிறது. அதன் பிஸ்டன் வீச்சு 4 அங்குலம். அக்கால ஃபோர்டு எஞ்சினின் வீச்சு 3¾ அங்குலம். இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 3 3/16 அங்குலமே. வீச்சு கூடியதால் கொள்ளளவு 239 கன அங்குலத்திலிருந்து 255ஆக உயர்கிறது.

மாற்றங்கள்

மெர்க்குரியின் கிராங்க் ஷாஃப்ட்டை அதே காலத்து ஃபோர்டு பிளாக்கில் பொருத்தலாம். ஆனால் வீச்சு ¼ அங்குலம் கூடும்போது பிஸ்டன் 1/8 அங்குலம் கூடுதலாக மேலே ஏறும். எனவே பிஸ்டன்களையும் மாற்ற வேண்டும். சிலிண்டரை 3 5/16 அங்குலமாகக் கடைந்தால் கொள்ளளவு சுமார் 276 கன அங்குலமாகும். கடைவதற்கு முன் சிலிண்டர் சுவரின் தடிமனை மீயொலிக் கருவியால் அளப்பது அவசியம். சுவர் மெலிந்தால் விரிசலும் சூடேற்றமும் வரும்.

இரண்டு அல்லது மூன்று கார்புரேட்டர்களைப் பொருத்துவது மற்றொரு மாற்றம். இதற்கான மேனிஃபோல்டை விக் எடெல்பிராக் 1930களின் இறுதியில் உருவாக்கி விற்றார்.

அமுக்க விகிதத்தைக் கூட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. வால்விலிருந்து வரும் கலவை ஹெட்டின் அடியில் உள்ள குறுகிய இடைவெளி வழியாகத்தான் சிலிண்டரை அடைகிறது. ஹெட்டைத் தாழ்த்தினால் அமுக்கம் கூடும். ஆனால் இந்த வழி சுருங்கிக் கலவையின் ஓட்டம் குறையும். வழியை அகலப்படுத்த பிளாக்கைச் செதுக்கினால் ஓட்டம் கூடும், அமுக்கம் குறையும். ஆகவே இரண்டையும் ஒருசேர உச்சத்திற்குக் கொண்டுசெல்ல இயலாது.

பாதுகாப்பு

திறன் கூடும்போது ரேடியேட்டரும் பிரேக்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஃபோர்டு கார்களில் 1939இல்தான் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. அதற்கு முந்தைய கார்களின் இயந்திரப் பிரேக்கை மாற்றாமல் எஞ்சினை மட்டும் வலுவாக்குவது ஆபத்தானது.

பிற்காலம்

அமெரிக்காவில் ஃபோர்டு இந்த எஞ்சினின் உற்பத்தியை 1953உடன் முடித்துக்கொண்டது. 1955இல் வந்த செவர்லே வி8 எஞ்சினில் வால்வுகள் ஹெட்டில் இருந்தன. 265 கன அங்குலத்தில், மாற்றம் ஏதுமின்றியே அது 162 குதிரைத்திறன் தந்தது. ஹாட் ராட் அமைப்போர் பலர் அதற்கு மாறினர். இன்று ஃபிளாட்ஹெட்டைத் தேர்ந்தெடுப்போர் வேகத்தைவிட அக்காலத் தோற்றத்தையும் ஒலியையும் காப்பதற்காகவே அதைத் தேடுகின்றனர்.