குருத்தில் ஒரு வண்டு, தண்டில் ஒரு வண்டு

தென்னை மட்டை விரியும்போது ஓலைகள் கத்தரியால் வெட்டியது போல முக்கோண முக்கோணமாகக் குறைந்திருந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை. இரவில் வந்து, விரியாத குருத்தைக் குடைந்து, நாரை மென்று சாற்றைக் குடிக்கும். குருத்தில் போட்ட ஓட்டைதான் பின்னால் ஓலையில் வெட்டாகத் தெரிகிறது.

இதன் புழுவோ பரம சாது. எருக்குழியிலும் மக்கிய தென்னந்தடியிலும் கிடந்து வளரும். உயிருள்ள மரத்தைத் தொடாது. எருவைக் கிளறினால் வளைந்து சுருண்டு கிடக்கும் தடித்த வெள்ளைப் புழு இதுதான். மண்ணோடு பயணம் போகவும் தெரியும்: 1909-இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு சமோவாவில் இறங்கி, பசிபிக் தீவுத் தென்னைகளைப் பிடித்துக்கொண்டது.

சிவப்புக் கூன்வண்டின் கதை நேர்மாறானது. இங்கே வண்டைவிடப் புழுதான் எமன். நீண்டு வளைந்த மூக்குள்ள இந்தச் செம்பழுப்பு வண்டு, மரத்தில் காயம் எங்கே என்று மோப்பம் பிடித்து வந்து முட்டையிடும். காலில்லாத புழு தண்டின் சோற்றைத் தின்று, நாரையே சுற்றிக் கூடு கட்டி, உள்ளேயே வண்டாகிவிடும். வெளியே தெரிவது ஒரு சிறு ஓட்டை, அதில் வழியும் பழுப்புச் சாறு, மென்று தள்ளிய நார்த்துகள். தண்டில் காதை வைத்தால் கறுமுறு என்று கேட்கும். நடுமட்டை மஞ்சளாகிக் கொண்டை சாய்ந்த பிறகு வைத்தியம் பார்ப்பது வீண். அரபு நாட்டுப் பேரீச்சைகளையும் 1980-களிலிருந்து இதுதான் சாய்த்து வருகிறது.

காண்டாமிருக வண்டு குடைந்த ஓட்டை கூன்வண்டுக்குத் திறந்த வாசல். முன்னது காயப்படுத்தும், பின்னது கொல்லும். பலர் கூன்வண்டுக்கு மட்டும் மருந்து தேடி அலைகிறார்கள். என்னைக் கேட்டால், வேலை எருக்குழியில் தொடங்க வேண்டும்.

எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிப் போடுங்கள். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலந்தால் புழுக்கள் நோய் கண்டு சாகும். பட்ட மரத்தைத் தோப்பிலேயே மக்க விடாதீர்கள். குருத்தில் இருக்கும் வண்டைக் கொக்கிக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, மட்டை இடுக்குகளில் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து போடுங்கள். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டுமென்றால், தண்டிலிருந்து நான்கடி விட்டு வெட்டுங்கள்.