காயமின்றி மூளையைச் சுற்றி ஏற்படும் இரத்தக்கசிவு: காரணங்களும் விளைவுகளும்

முன்னுரை

மூளையைக் கடினச் சவ்வு, சிலந்திவலைச் சவ்வு, மென்சவ்வு என மூன்று உறைகள் சூழ்ந்துள்ளன. பின்னிரண்டு உறைகளுக்கும் இடையில் மூளைத் தண்டுவடத் திரவம் நிறைந்த இடைவெளி உண்டு. மூளையின் பெரிய தமனிகள் இவ்விடைவெளியிலேயே செல்கின்றன. தலையில் அடிபடாமலேயே இங்கு இரத்தம் பரவுவது காயம்சாராச் சப்அரக்னாய்டு இரத்தக்கசிவு எனப்படும். பக்கவாத நோய்களுள் இதன் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடே. ஆயினும், ஏனைய பக்கவாதங்களைவிடக் குறைந்த வயதினரை இது தாக்குவதால் இழப்பு பெரிதாகிறது. இந்நோயின் முடிவைக் கசிவின் காரணமும் அது கண்டறியப்படும் காலமும் பெரிதும் தீர்மானிப்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காரணங்கள்

இத்தகைய கசிவுகளுள் சுமார் 85 விழுக்காடு ‘அனியூரிசம்’ எனப்படும் தமனிப் புடைப்பு வெடிப்பதால் நேர்கின்றன. மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் வளையமாக இணையும் ‘வில்லிஸ் வளையத்தில்’, அவை கிளைபிரியும் இடங்களில் இரத்த ஓட்டத்தின் அழுத்தம் மிகுதி. அங்குச் சுவர் நலிந்து சிறு பை போலப் புடைக்கிறது. உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், மிகுந்த மதுப்பழக்கம், குடும்ப வரலாறு, மரபுவழிப் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் ஆகியன இதற்கான இடர்க்காரணிகள். ஆண்களைவிடப் பெண்களிடம் இந்நோய் மிகுதி.

சுமார் 10 விழுக்காட்டினருக்கு நடுமூளையைச் சுற்றி மட்டும் இரத்தம் தேங்கும். புடைப்பு எதுவும் காணப்படாது. எஞ்சியோருக்குத் தமனி-சிரைப் பிறழ்பிணைப்பு, தமனிச் சுவர்ப் பிளவு, இரத்த உறைவுக் குறைபாடு போன்றவை காரணமாகின்றன.

கண்டறிதல்

சில நொடிகளில் உச்சத்தை எட்டும், அதுவரை அறிந்திராத கடுந்தலைவலியே முதன்மை அறிகுறி. வாந்தி, கழுத்து விறைப்பு, நினைவிழப்பு ஆகியனவும் தோன்றலாம். முதல் 6 மணி நேரத்திற்குள் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் ஏறக்குறைய எல்லாக் கசிவுகளையும் காட்டிவிடும். நேரம் செல்லச் செல்ல இரத்தம் கரைந்து, ஸ்கேனின் துல்லியம் குறையும். அந்நிலையில் ஐயம் நீடித்தால் முதுகிலிருந்து தண்டுவட நீரை எடுத்துச் சோதிப்பர். கசிவு உறுதியானபின் இரத்தக்குழாய்ப் படப்பதிவு அதன் மூலத்தைக் காட்டும். நடுமூளைக் கசிவு போலத் தோன்றுவதும் புடைப்பினால் நேர்ந்திருக்கக்கூடும் என்பதால் இச்சோதனை அவர்களுக்கும் இன்றியமையாதது.

விளைவுகள்

வெடித்த புடைப்பு மீண்டும் கசியும் இடர் முதல் 24 மணி நேரத்தில் மிக அதிகம்; இரண்டாம் கசிவு பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். மூளைத் திரவத்தின் வடிகால் அடைபட்டு நீர்த்தேக்கம் உண்டாகலாம். 4 முதல் 14 நாள்களுக்குள் தமனிகள் சுருங்கி, மூளைத்திசு இரத்தமின்றிச் சேதமுறலாம். உயிர்தப்பியோர் பலர் நடமாடும் நிலைக்குத் திரும்பினாலும், மறதி, களைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றால் பழைய பணிக்குத் திரும்ப இயலாதிருப்பர். மாறாக, புடைப்பில்லா நடுமூளைக் கசிவுற்றோர் பெரும்பாலும் நலமடைகின்றனர். அவர்களுக்கு மறுகசிவு மிக அரிது.

சிகிச்சை

புடைப்பை விரைவில் அடைப்பதே மறுகசிவைத் தடுக்கும் வழி. வால்டர் டான்டி 1937இல் புடைப்பின் கழுத்தில் கிளிப் பொருத்தி இதற்கான அறுவை முறையைத் தொடங்கிவைத்தார். 1990களில் தமனி வழியாகப் பிளாட்டினச் சுருளைச் செலுத்தி அடைக்கும் முறை பரவியது. இரு முறைகளுக்கும் ஏற்ற 2143 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஓராண்டிற்குப் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்ந்தோரும் சுருள் முறையில் 23.7 விழுக்காடும் அறுவையில் 30.6 விழுக்காடும் ஆவர். எனினும், புடைப்பின் வடிவத்தையும் இடத்தையும் பொறுத்தே முறை தெரிவு செய்யப்படுகிறது. 21 நாள்கள் தரப்படும் நிமோடிபின் மருந்து, தமனிச் சுருக்கத்தோடு தொடர்புடைய மூளைச் சேதத்தைக் குறைக்கிறது.

முடிவுரை

கசிவின் காரணத்தை மாற்ற இயலாது. கண்டறியும் காலத்தைச் சுருக்க இயலும். திடீர்க் கடுந்தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று கருதி நோயாளியைத் திருப்பி அனுப்பினால், மறுகசிவைத் தடுக்கக்கூடிய முதல் நாள் வீணாகிறது. புகையை விடுதலும் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துதலும் நோய் வருமுன் காக்கும் வழிகள். வந்தபின், அத்தலைவலியின் தன்மையை உடனே உணர்ந்து செயற்படுதலே நல்ல விளைவுக்கு அடிப்படையாகும்.