செயல்பாட்டு மாதிரி (நிறுவனம்)

செயல்பாட்டு மாதிரி என்பது, ஒரு நிறுவனம் தன் பிரிவுகளை எவ்வளவு இணைப்பது, அவற்றின் வேலைமுறையை எவ்வளவு ஒன்றாக்குவது என்று எடுக்கும் அடிப்படை முடிவாகும். ஜீன் ராஸ், பீட்டர் வெய்ல், டேவிட் ராபர்ட்சன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட நூலில் இதனை நான்காக வகைப்படுத்தினர்.

அளவுகோல்கள்

ஒருங்கிணைப்பு: பிரிவுகள் தகவலைப் பகிர்ந்துகொள்வது. மயிலாப்பூர் கிளையில் தொடங்கிய வங்கிக் கணக்கிலிருந்து தியாகராய நகர் கிளையில் பணம் எடுக்க முடிவது இதனால்தான்.

தரப்படுத்தல்: ஒரு வேலையை எல்லா இடங்களிலும் ஒரே முறையில் செய்வது.

வகைகள்

* பலவகைமை: இரண்டும் குறைவு. சென்னையின் முருகப்பா குழுமத்தில் மிதிவண்டி, சர்க்கரை, உரம், காப்பீடு ஆகியவை தனித்தனித் தொழில்கள்.
* ஒத்திசைவு: ஒருங்கிணைப்பு மட்டும் அதிகம். வாடிக்கையாளர் ஒருவரே, அவர் பெறும் சேவைகள் வெவ்வேறு.
* நகலாக்கம்: தரப்படுத்தல் மட்டும் அதிகம். 1981இல் கே. கே. நகரில் தொடங்கிய சரவண பவன் போன்ற உணவகங்கள் இதற்கு நெருக்கமானவை. ஒரு கிளையில் சாப்பிட்டவர் யார் என்பது மறுகிளைக்குத் தேவையில்லை. சாம்பாரின் சுவை மாறக்கூடாது.
* ஒருமை: இரண்டும் அதிகம். வங்கிகள் பெரும்பாலும் இவ்வகை.

தேர்வு

ஒரே வாடிக்கையாளரைப் பல பிரிவுகள் கையாண்டால் ஒருங்கிணைப்பும், ஒரே வேலை பல இடங்களில் நடந்தால் தரப்படுத்தலும் பயன்தரும். இரண்டுக்கும் விலை உண்டு. தரப்படுத்தினால் செலவு குறையும். கிளை மேலாளர் உள்ளூர்த் தேவைக்கேற்ப முடிவெடுக்கும் உரிமையும் குறையும். ஒருங்கிணைப்புக்குக் காலமும் உழைப்பும் வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியுடன் அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இணைந்தது. இரண்டின் கணக்குகளும் ஒரே கணினி அமைப்பின்கீழ் வந்தது 2021 பிப்ரவரியில்தான்.