கடன் இல்லாத வீடுதான் முதலில் மூழ்குகிறது!

“சித்தப்பா, பேங்க்ல வெள்ளத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்கவே இல்லை. அப்படின்னா இங்க வெள்ளம் வராதுன்னுதானே அர்த்தம்?”

அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில், சார்லட் நகருக்கு வெளியே வீடு வாங்கியிருக்கும் அண்ணன் மகள் போனில் கேட்டாள். ‘ஆமாம்மா’ என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வைக்க மனசு வரவில்லை. அவள் வீட்டிலிருந்து மேற்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் மலை. அந்த மலையில் 2024 செப்டம்பரில் நடந்தது அப்படி.

அங்கே இருப்பது யான்சி கவுன்ட்டி. கவுன்ட்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி என்று சொல்வார்கள், ஆனால் இங்கே மொத்த ஜனத்தொகையே பத்தொன்பதாயிரத்துக்குள்தான். நம் பேரூராட்சி ஒன்றின் அளவு. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவின் மிக உயரமான மிட்செல் சிகரம் இந்தக் கவுன்ட்டியில் இருக்கிறது. கடல் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். புயல் என்றால் அது கடற்கரைக்காரர்கள் கவலை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஹெலீன் புயல் செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் கரையேறியது. அது வருவதற்கு முன்பே மலையில் மழை கொட்டி மண் ஊறிக் கிடந்தது. அதன்மேல் புயலின் ஈரக்காற்று மலைமுகட்டில் மோதி மேலேறி, வைத்திருந்த தண்ணீரை எல்லாம் இறக்கியது. யான்சியில் உள்ள பியூசிக் என்ற இடத்தில் பதிவானது சுமார் 78 செ.மீ. சமவெளியில் இவ்வளவு பெய்தால் தண்ணீர் பரவி நிற்கும். மலையில் நிற்க இடமில்லை; தாண்டிக் குதிக்கிற அகலத்தில் இருந்த ஓடைகள் எல்லாம் ஆறாகிவிட்டன. மாநிலம் முழுக்க நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

பக்கத்து பன்கம் கவுன்ட்டியில், ஆஷ்வில் நகரையும் சேர்த்து, வெள்ளக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசி தீக்கு உண்டு, திருட்டுக்கு உண்டு, வெள்ளத்துக்குக் கிடையாது. (2021 ஏப்ரலில் இந்தியாவில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளமும் உள்ளடக்கம். இந்த ஒரு விஷயத்தில் நாம் தேவலை.) வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். 1968-ல் அமெரிக்க மத்திய அரசே தொடங்கிய திட்டம் அது. கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் சாமான்களுக்கு 1,00,000 டாலர். சாமான்களுக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

சரி, யார் எடுக்கிறார்கள்? அரசின் வெள்ள வரைபடத்தில் அபாயப் பகுதி என்று கோடு போட்ட இடத்துக்குள் வீடு இருந்து, அதன் மேல் பேங்க் கடனும் இருந்தால் கட்டாயம். பேங்க் விடாது. கடன் இல்லையென்றால் கேட்க ஆளில்லை.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அமெரிக்காவில் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் வீட்டின் மேல் கடன் ஏதும் இல்லாதவர்கள். கிராமப்புற மலைநாட்டில் தாத்தா கட்டியது, அப்பா ஒட்டுப்போட்டது, மகன் இருப்பது என்று வழிவழியாக வந்த வீடுகள் நிறைய. நாமாக இருந்தாலும் கடனில்லாத வீடு என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வோம். வெள்ளம் வரும்போது அந்தப் பெருமைக்காரரிடம்தான் பாலிசி இருக்காது. அவர் உழைப்பெல்லாம் அந்த ஒரு வீட்டில் கிடக்கிறது. அதற்குக் காவல் கிடையாது. பேங்க் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பாலிசி கேட்கிறது. அதன் நிழலில் கடன்காரரும் தப்பிக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், பத்திரம். தாத்தா இறந்து வருஷக்கணக்காகியும் பத்திரம் அவர் பேரிலேயே இருக்கும் வீடுகள் அங்கேயும் உண்டு. பேரிடர் உதவி கேட்டுப் போனால் ‘வீடு உங்களுடையதுதானா?’ என்பதில் தொடங்கும். 2021-லிருந்து இதில் கொஞ்சம் தளர்வு. வேறு வழியே இல்லாதபோது கையெழுத்திட்ட சொந்த உறுதிமொழியையும் ஏற்கிறார்கள். அப்படியும் ஹெலீன் சமயத்தில் வீட்டுக்கான உதவியின் உச்சவரம்பு 42,500 டாலர். அடித்துக்கொண்டு போன வீட்டை அந்தக் காசில் திரும்பக் கட்ட முடியாது. பலருக்கு அந்த உச்சவரம்பில் ஒரு சிறு பகுதிதான் கிடைக்கும்.

வரைபடக் கோட்டையும் நம்புவதற்கில்லை. எந்த ஒரு வருஷத்திலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள இடம் என்பதுதான் அந்தக் கோட்டின் பொருள். அதை ‘நூறாண்டு வெள்ளம்’ என்று சுருக்கிச் சொல்லப்போய், வந்து போனால் நூறு வருஷத்துக்கு நிம்மதி என்று ஆகிவிட்டது. முப்பது வருஷ வீட்டுக்கடன் காலத்துக்குக் கணக்குப் போட்டால் வாய்ப்பு 26 சதவீதம். ஆஷ்வில்காரர்கள் 1916 வெள்ளத்தைத்தான் பெரிய வெள்ளம் என்று சொல்லிவந்தார்கள். 2004 செப்டம்பரில் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து ஊரை நனைத்தன. அப்புறம் ஹெலீன், 1916-ன் உயரத்தையே தாண்டியது. கோட்டுக்கு வெளியே இருக்கும் வீடுகளும் நஷ்ட ஈடு கேட்டு வரத்தான் செய்கின்றன. மலையோரச் சிற்றோடைகளில் பலவற்றுக்குச் சரியான கோடே கிடையாது.

பாலிசி எடுத்தவருக்கும் பல்லாங்குழி ஆட்டம்தான். உங்கள் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் வந்தால் அது வெள்ளம் ஆகாது; இரண்டு ஏக்கரிலாவது, இரண்டு மனைகளிலாவது நிற்க வேண்டும். ஹெலீனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மலை சரிந்தது. சேறு தண்ணீர்போல ஓடிவந்து வீட்டை அடித்தால் பணம் உண்டு. அதே மலை மண்ணாகச் சரிந்து விழுந்தால் கிடையாது. இடிந்த வீட்டின் முன் நின்று, வந்தது சேறா, சரிவா என்று தீர்ப்பு எழுத வேண்டும். வீடு இல்லாத நாட்களில் வெளியே வாடகைக்கு இருக்கும் செலவும் அதில் வராது.

பிரீமியம் வருஷத்துக்குச் சராசரியாக 900 டாலர் சுமாருக்கு வருகிறது, ஓய்வூதியத்தில் ஓடும் கிழவருக்கு இது கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கிழவருக்கு வேறு என்ன கொடுக்கப் போகிறோம் என்று அவர்களும் சொல்வதில்லை.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னேன். டிவியில் புயலின் பெயர் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. பணம் கட்டி முப்பது நாள் கழித்துத்தான் பாலிசி உயிர்பெறும் என்றும் சொன்னேன்.

“சரி சித்தப்பா, நாளைக்கே எடுத்துடறோம்.”

“பேஸ்மென்ட்ல என்ன வச்சிருக்கீங்க? ஹீட்டர், வாஷிங் மெஷின், ஃப்ரீஸர் மாதிரி சிலதுக்குத்தான் அங்க கொடுப்பான். சோபா, கம்பளம், டிவிக்கெல்லாம் கிடையாது.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“போன மாசம்தான் கீழ ஹோம் தியேட்டர் போட்டோம், சித்தப்பா.”