சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையே

திருச்சி மாவட்டம், துறையூர் வட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. மலையிலிருந்து இறங்கிவரும் ஐயாறு இங்கே பாறைகளுக்கிடையே ஓடுகிறது. மாணவர்களைக் களப்பயணம் அழைத்துச் செல்லும் ஆசிரியர், பாதுகாப்பான இடத்தில் நின்று, ஈரப்பாறையின் விளிம்பிலிருந்து சொட்டும் நீரைக் காட்டி ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்தச் சொட்டுகள் ஒரே இடைவெளியில்தான் விழுகின்றனவா?" பயணம் போக வாய்ப்பில்லாத பள்ளிகளில் குழாய்ச் சொட்டே போதும்.

கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தால் ஐந்து இடைவெளிகளை அளந்து குறிக்கச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக 1.21, 1.34, 1.18, 1.29, 1.23 வினாடி எனக் கிடைத்தால், சராசரி 1.25 வினாடி, சராசரி விலகல் ஏறத்தாழ 0.05 வினாடி. இப்படிச் சற்று முன்னும் பின்னுமாக நேரம் தடுமாறுவதை ‘நேர இரைச்சல்’ எனலாம். காதுக்குக் கேட்கும் ஓசைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஒளிச் சொட்டுகள்

இதே கேள்வியை இயற்பியலாளர்கள் ஒளியிழை லேசரிடம் கேட்கிறார்கள். எர்பியம் கலந்த கண்ணாடி இழையை வளையமாக்கி, அதில் ஒரு குறுகிய ஒளித்துடிப்பைச் சுற்றிவரச் செய்கிறார்கள். கண்ணாடியில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். வளையம் 5 மீட்டர் என்றால், வினாடிக்கு 4 கோடி சுற்று! ஒவ்வொரு சுற்றிலும் துடிப்பின் ஒரு பங்கு வெளியே வருகிறது.

எர்பியம் அணுக்கள் தாமாக, ஒழுங்கின்றி உமிழும் ஒளி இந்தத் துடிப்பைச் சிறிது முன்னோ பின்னோ தள்ளுகிறது. வெப்பத்தால் இழை நீள்வதும், மேசை அதிர்வதும் நேரத்தை மாற்றுகின்றன. சுற்றுவது ஒரே துடிப்பு என்பதால், ஒரு சுற்றில் நேர்ந்த தாமதம் அடுத்த சுற்றுக்கும் தொடர்கிறது. நல்ல லேசரில் இந்தத் தடுமாற்றம் ஃபெம்டோ வினாடி அளவில் இருக்கும். ஒரு வினாடியைக் கோடி கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மேலும் பத்தாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ வினாடி. அதற்குள் ஒளி கடக்கும் தூரம் 0.3 மைக்ரோமீட்டர் மட்டுமே. தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பகுதி.

தடுமாறுவது சொட்டா, விரலா?

சொட்டு விழுந்ததைக் கண்டு விரல் அழுத்துவதற்குள் சிறிது நேரம் போகிறது. அந்த நேரமும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அப்படியானால் நாம் அளந்த 0.05 வினாடி சொட்டுடையதா, விரலுடையதா?

ஒரே சொட்டை இரு மாணவர்கள் தனித்தனிக் கைப்பேசியில் அளக்கட்டும். இருவரின் அளவும் சேர்ந்தே கூடினால் தாமதித்தது பெரும்பாலும் சொட்டு. ஒருவருடையது மட்டும் கூடினால் தாமதித்தது விரல்.

லேசரிலும் இதே சிக்கல்தான். ஒளியை மின்சாரமாக்கி அளக்கும் கருவியின் தடுமாற்றம், லேசரின் தடுமாற்றத்தை மறைத்துவிடலாம். ஆகவே ஒளியை ஒளியாலேயே அளக்கிறார்கள். ஏறத்தாழ ஒத்த இரு லேசர்களின் துடிப்புகளை ஒரு சிறப்புப் படிகத்துக்குள் அனுப்புவர். இரண்டும் ஒரே கணத்தில் சேர்ந்தால் புதிய நிற ஒளி பிறக்கும்; விலகினால் அது மங்கும். அந்த ஒளியின் ஏற்றத்தாழ்விலிருந்து நேர வேறுபாட்டைக் கணிக்கலாம். கிடைப்பது இருவரின் தடுமாற்றமும் சேர்ந்தது. இரண்டும் சமமானவை, ஒன்றையொன்று சாராதவை எனில், திட்ட விலக்கத்தை √2 ஆல் வகுத்தால் ஒரு லேசரின் பங்கு கிடைக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கில் நாம் கற்பிக்கும் அதே திட்ட விலக்கம்தான்!

ஒழுங்காகத் துடிக்கும் இத்தகைய லேசர்கள், ஒளியின் அதிர்வெண்ணை மிகத் துல்லியமாக அளக்கும் ‘அதிர்வெண் சீப்பு’ முறைக்கு அடிப்படை. அம்முறைக்கான பங்களிப்பு, 2005இல் ஜான் ஹால், தியோடர் ஹான்ஷ் ஆகியோர் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பணியில் அடங்கும்.

பதிவேட்டில் என்ன எழுதுவது?

நம் செய்முறைப் பதிவேடுகளில் பல நேரம் எல்லா அளவுகளும் ஒன்றுபோலவே இருக்கும். ‘சரியான விடை’க்கு ஏற்ப மாணவர் எண்ணைத் திருத்தியிருப்பார், நாமும் சரி என்று குறியிட்டிருப்போம். ஆனால் அவர் அழித்துவிட்ட அந்த வேறுபாட்டைத்தான் ஆய்வகங்களில் அரும்பாடுபட்டு அளக்கிறார்கள். அளந்ததை அளந்தபடியே எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள், "ஏன் மாறியது?" என்றும் கேளுங்கள். அறிவியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.