நூலகம் வளர்த்தவர்கள் - 6: அலமாரியில் இல்லாத பிள்ளைகள்

ஆன் கரோல் மூர் நியூயார்க் பொது நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே ஓர் உலகத்தை உருவாக்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். குட்டி நாற்காலிகள், கதை நேரம், மனசுக்குள் ஏதாவது வேண்டிக்கொண்டு பிள்ளைகள் ஊதி அணைக்கும் மெழுகுவத்தி என்று எல்லாம் அங்கே இருந்தது. 1937-இல் ஹார்லெம் பகுதியின் 135-ஆம் தெருக் கிளையில் சிறுவர் நூலகராகச் சேர்ந்த 26 வயதுப் பெண்ணின் கண்ணில், அங்கே இல்லாத ஒன்றுதான் முதலில் பட்டது.

அவர் அகஸ்டா பேக்கர். ஹார்லெம் கறுப்பின மக்களின் பேட்டை. வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். உள்ளே புத்தகங்களில் அவர்களைப் போன்றவர்களைத் தேடினால், இருக்கவே மாட்டார்கள். இருந்தால் கோமாளியாக இருப்பார்கள். தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக ஒரு கேலிச்சித்திரம், கொச்சையாகச் சிதைத்த பேச்சு, எசமானுக்குக் கைகட்டி நிற்கும் வேலைக்காரன். இவ்வளவுதான்.

அகஸ்டா 1911-இல் பால்டிமோரில் பிறந்தவர். அம்மா, அப்பா இருவரும் ஆசிரியர்கள். அவர்கள் பள்ளிக்குப் போனபின் குழந்தை பாட்டி கையில். பாட்டியின் வாயிலிருந்து தந்திரக்கார முயலின் கதையும் வரும், ஆர்தர் மன்னனின் கதையும் வரும். திருமணமாகி ஆல்பனி நகருக்குப் போனபோது, அங்கிருந்த ஆசிரியர் கல்லூரி கறுப்பின மாணவியைச் சேர்க்கத் தயங்கியது. அப்போது நியூயார்க் மாநில ஆளுநரின் மனைவியாக இருந்த எலினார் ரூஸ்வெல்ட் குறுக்கிட்டார். ஆளுநர் வீட்டுப் பகையைச் சம்பாதிக்க யாருக்குத்தான் ஆசை? இடம் கிடைத்தது. 1934-இல், நூலகவியல் பட்டத்துடன் அங்கிருந்து வெளியேறிய முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

135-ஆம் தெருவில் அவர் எப்படி வேலை செய்தார் என்பதற்குக் கவிஞர் ஆட்ரி லார்டின் எழுத்தே சாட்சி. லார்டுக்கு அப்போது நான்கு வயது. கடுமையான கிட்டப்பார்வை, பேச்சும் சரியாக வரவில்லை. ஒருநாள் நூலகத் தரையில் விழுந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். அம்மா அதட்டியும் அடங்கவில்லை. பேக்கர் வந்தார். கண்டிக்கவில்லை, கதை கேட்கிறாயா என்று விசாரித்து, பக்கத்தில் உட்கார்ந்து படங்கள் நிறைந்த புத்தகங்களை வாசித்துக் காட்டினார். அவர் முடித்ததும், தானும் படிக்க வேண்டும் என்று குழந்தை வாய்திறந்து சொன்னாள். தனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் பேக்கர்தான் என்றும், அந்த ஒரு செயலே தன் உயிரைக் காப்பாற்றியது என்றும் 1982-இல் வெளிவந்த ‘ஸாமி’ நூலில் லார்டு எழுதினார்.

கதை சொல்வதில் பேக்கருக்கு இணையில்லை என்று பெயர். கையில் புத்தகம் கிடையாது, வேடம் கிடையாது, பொம்மை கிடையாது. முதலில் உனக்குப் பிடித்த கதையைத் தேர்ந்தெடு, அதை உன்னுடையதாக்கிக்கொள், பிறகு சொல் என்பதே இளம் நூலகர்களுக்கு அவர் தந்த பாடம். எல்லின் கிரீனுடன் சேர்ந்து 1977-இல் அவர் எழுதிய கையேடு, அமெரிக்க நூலகர்கள் கதைசொல்லலைக் கற்கும் பாடநூலாக நிலைத்துவிட்டது.

இத்தனை திறமை இருந்தும், வாய்க்கதை மட்டும் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. சொன்ன கதை கேட்டவர்களோடு நின்றுவிடும். இரவல் வாங்கிய புத்தகம் வீட்டுக்குப் போகும், தம்பி தங்கை கைக்கு மாறும், அம்மா கண்ணிலும் படும். அந்தப் புத்தகத்தில் நம் முகம் எப்படி இருக்கிறது என்பது சின்ன விஷயமா?

எனவே 1939 முதல் ஒரு தனித் தொகுப்பைச் சேர்க்கத் தொடங்கினார். முந்தைய ஆண்டு விபத்தில் இறந்த கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஒவ்வொரு புத்தகத்திலும் அவர் மூன்றைப் பார்ப்பார்: மொழி, கருத்து, படம். கறுப்பினக் குழந்தை இந்தப் பக்கத்தைத் திருப்பும்போது கூனிக்குறுகுமா என்பதுதான் அளவுகோல்.

இங்கே நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு சங்கதி உண்டு. அந்த நாட்களில் அமெரிக்க நூலகங்களில் செல்லமாக இருந்த புத்தகம் ‘லிட்டில் பிளாக் சாம்போ’. எழுதியவர் ஹெலன் பானர்மன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்; இந்தியாவில் பணியாற்றிய ராணுவ மருத்துவரின் மனைவி. கோடைக்கானலுக்கும் மதராஸுக்கும் இடைப்பட்ட ரயில் பயணத்தில் தன் பிள்ளைகளுக்காக எழுதிய கதை என்பார்கள். புலிகள் ஓடி ஓடி நெய்யாக உருகும் கதை. 1899-இல் லண்டனில் அச்சானது. அமெரிக்காவுக்குப் போனதும் திருட்டுப் பதிப்புகள் கிளம்பின. அவற்றில் சாம்போ, அந்நாட்டுக் கறுப்பினச் சிறுவனின் கேலிச்சித்திரமானான். அந்தப் பெயரே பள்ளிக்கூடங்களில் வசையானது. எழுதியவரின் மனசு எப்படி இருந்தால் என்ன, வசையை வாங்குவது குழந்தை அல்லவா?

மோசமானதை ஒதுக்கினால் மட்டும் அலமாரி நிறையாது. நல்லது எது என்று சொல்ல வேண்டும். பேக்கர் தன் தேர்வுகளைப் பட்டியலாக்கி 1946-இல் வெளியிட்டார். அதன் திருத்திய பதிப்புகள் தொடர்ந்து வந்தன. 1971-இல் அது ‘சிறுவர் நூல்களில் கறுப்பின அனுபவம்’ என்ற புதிய தலைப்பில் வெளியானது. பிற ஊர் நூலகர்களும் ஆசிரியர்களும் எதை வாங்கலாம் என்று அதைப் பார்த்தே முடிவு செய்தார்கள். பட்டியல் சிறியதாக இருந்தபோது, அந்தச் சிறுமையே பதிப்பகங்களுக்குக் குற்றப்பத்திரிகை.

1953-இல் கதைசொல்லல் நிபுணராகவும் சிறுவர் சேவைகளின் துணை ஒருங்கிணைப்பாளராகவும் பதவி உயர்ந்தார். நியூயார்க் பொது நூலகத்தில் நிர்வாகப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பின நூலகர் அவரே. 1961-இல் எல்லாக் கிளைகளின் சிறுவர் பிரிவுக்கும் ஒருங்கிணைப்பாளர். எண்பதுக்கும் மேற்பட்ட கிளைகளுக்கு நூல் வாங்கும் அமைப்பில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ‘வேண்டாம்’ என்றால் பதிப்பாசிரியர்கள் காதில் விழாமல் போகுமா? 1962-இல் எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ வந்தது. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிறான், அவ்வளவுதான் கதை. மறு ஆண்டே, சிறுவர் படநூல்களுக்கான கால்டிகாட் பதக்கம் பெற்றது. ஆனாலும் 1965-இல் கல்வியாளர் நான்சி லாரிக் எடுத்த கணக்கைப் பாருங்கள்: மூன்று ஆண்டுகளில் வந்த 5,206 சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவர் ஒருவராவது தலைகாட்டியவை 6.7 சதவீதம்தான். பேக்கர் கால் நூற்றாண்டாகச் சொன்னதை எண்ணிக்கை உறுதிசெய்தது.

1974-இல் ஓய்வு. ஆனால் வேலை ஓயவில்லை. 1980-இல் தென் கரோலினா பல்கலைக்கழகம் அவரை ‘உறைவிடக் கதைசொல்லி’யாக அழைத்தது, 1994 வரை அங்கே வருங்கால நூலகர்களுக்குக் கற்பித்தார். அந்தப் பல்கலைக்கழகம் இருபதாம் நூற்றாண்டில் முதன்முதலாகக் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதே 1963-இல்தான். 1998-இல் பேக்கர் மறைந்தார். அவர் பெயரில் அங்கே ஓர் ஆய்விருக்கையும் ஆண்டுதோறும் கதைத் திருவிழாவும் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஆல்பனியில் மாணவியாக இடம் தரத் தயங்கினார்கள். கடைசியில் அவர் பெயரிலேயே ஓர் இருக்கை.

(அடுத்த வாரம்: அதே 135-ஆம் தெருக் கிளையில் பணியைத் தொடங்கி, பின்னர் ஸ்பானிய மொழியிலும் கதை சொன்ன பூரா பெல்ப்ரே)