படம் பிழைத்தது, பாட்டு என்ன ஆயிற்று?

காளிகாட் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காளி கோயில். அடுத்தபடி, பக்கத்திலேயே லேக் மார்க்கெட் இருப்பதால், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் வாங்கப் போகிற வழி அது. ஓவியம் அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் இன்னொன்றையும் சொல்லும். அதுதான் காளிகாட் படங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்கக் கிராமங்களிலிருந்து 'பட்டுவா' எனப்படும் ஓவியர்கள் பிழைப்புத் தேடி இங்கே வந்தார்கள். ஊரில் அவர்கள் தொழில் இரண்டு கொண்டது. நீண்ட சுருளில் கதையைப் படமாக எழுதுவார்கள். அதை வீட்டு வாசலில் ஒவ்வொரு கட்டமாக விரித்து, விரலால் சுட்டிக் காட்டிப் பாடுவார்கள். பாட்டுக்குத்தான் நெல்லும் காசும் கிடைக்கும். காளிகாட்டிலோ யாத்திரிகர்களுக்கு நின்று கேட்க நேரமில்லை. கையில் எடுத்துப் போக ஒரு தாள் போதும் என்றார்கள். சுருள் போய்த் தனித் தாள் வந்தது. பாட்டுக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று.

படங்கள் பிழைத்துக் கொண்டன. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் 1917-ல் தம் தந்தை சேர்த்து வைத்திருந்த காளிகாட் படங்களை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குக் கொடுத்தார். இன்று உலகிலேயே பெரிய காளிகாட் படத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஓவியர்களின் முன்னோர் பாடிய குரலைக் கேட்க வழி இல்லை. எடிசன் குரலைப் பிடிக்கும் கருவியைக் கண்டுபிடித்ததே 1877-ல்தான். நல்லவேளையாக, மேதினிப்பூர்ப் பக்கம் நயா போன்ற கிராமங்களில் பட்டுவாக்கள் இன்றும் சுருளை விரித்துப் பாடுகிறார்கள். குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி பட்டுவாப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து 1939-ல் நூலாக்கினார். வரிகள் அச்சில் ஏறின, மெட்டு ஏறவில்லை.

விற்பதற்கு ஒரு தட்டு, காப்பதற்கு ஒரு தட்டு

குரலைப் பிடிக்கும் தொழில் இந்தியாவில் காலூன்றியது இதே கல்கத்தாவில்தான். லண்டன் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் இங்கே வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். 1908-ல் சியால்டா பக்கம் தட்டு அடிக்கும் தொழிற்சாலை வந்தது. 1928-ல் டம்டம்மில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. வட வங்கத்து மாட்டு வண்டிக்காரர்களின் 'பாவையா' பாட்டை அப்பாசுதீன் அகமது பாடி, அந்தத் தட்டுகள் வீடுவீடாகப் போயின. நம் ஊர் வண்டிக்காரர்களின் தெம்மாங்கு போலத்தான் அதுவும்: நெடுவழி, தனிமை, விட்டு வந்த பெண்ணின் நினைவு.

ஆனால் கம்பெனிக்கு விற்பனை முக்கியம். பெயர் பெற்ற பாடகர் வேண்டும்; பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வயலில் நாற்று நடும் பெண்ணின் பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதைப் பிடிக்க வேறொரு வகை ஆள் வேண்டியிருந்தது.

மெழுகு உருளையோடு வந்த டச்சுக்காரர்

அப்படி வந்தவர் ஆர்னால்டு பாக்கே. 1899-ல் ஹாலந்தில் பிறந்தவர். 1925-ல் மனைவியுடன் சாந்திநிகேதனுக்கு வந்தார். தாகூரின் பாடல்களைப் பாடக் கற்றார். 1930-களில் மீண்டும் வந்தபோது மெழுகு உருளையில் பதிவு செய்யும் கருவியைக் கொண்டு வந்தார். பாவுல்கள், கீர்த்தனக்காரர்கள், சந்தால் மக்கள் என்று அவர் தேடிப் போய்க் கேட்டவர்கள் பலர். ஓர் உருளை சில நிமிடமே கொள்ளும். போட்டுக் கேட்கக் கேட்கத் தேயும். ஆகவே பெர்லின் ஒலிக் காப்பகத்தில் உருளைகளுக்குச் செம்பு அச்சு எடுத்து, அதிலிருந்து புது உருளை வார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தக் காப்பகத்தின் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குப் போயிற்று. பிறகு கிழக்கு பெர்லினுக்கு வந்தது. 1991-ல்தான் பழைய இடம் சேர்ந்தது. பீர்பூம் மண்ணின் பாட்டு எத்தனை எல்லை தாண்டியிருக்கிறது பாருங்கள்!

பாக்கே தமிழ்நாட்டுக்கும் வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1938-ல் தென்னாட்டில் சுற்றிப் பாட்டும் கூத்தும் பதிவு செய்தார். அவர் 1963-ல் லண்டனில் காலமானார். அவருடைய மாணவர் நசீர் ஜைராஸ்பாய், தம் மனைவி ஆமி காட்லினுடன் 1984-ல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் பாக்கே போன இடங்களைத் தேடிப் போனார். பழைய ஒலிப்பதிவை அங்கேயே போட்டுக் காட்டி, எது அப்படியே இருக்கிறது, எது மாறிவிட்டது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதிவு இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை.

கல்கத்தாவிலும் அந்த வேலை நடக்கிறது. பாடகி மௌசுமி பௌமிக்கும் ஒலிப்பதிவாளர் சுகாந்த மஜும்தாரும் 2003 முதல் மேற்கு வங்கம், பங்களாதேஷ், அசாம் என்று சுற்றிப் பாட்டுகளைப் பதிவு செய்து வருகிறார்கள். தங்கள் முயற்சிக்கு 'பயணக் காப்பகம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். பாக்கேயின் உருளைகளில் பாடியவர் யார், எந்த ஊர் என்று தேடி, அந்தக் குரல்களை ஊருக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கேட்க வைத்ததும் மௌசுமியின் பணி.

சந்தால்களின் பிடில்

பிடில் என்றால் நமக்குக் கச்சேரி மேடைதான் நினைவுக்கு வரும். வங்கத்தில் ஏழைகளின் பிடில்களும் உண்டு. ஒன்று 'சாரிந்தா'. இன்னொன்று சந்தால்களின் 'பனம்': ஒரே கட்டையைக் குடைந்து, வயிற்றில் தோல் போர்த்தி, ஒற்றைத் தந்தி கட்டி, குதிரை மயிர் வில்லால் இழைப்பார்கள்.

சந்தால்களிடம் இதைப் பற்றி ஒரு கதை உண்டு. காம்ப்பெல் என்ற பாதிரியார் 1891-ல் அதை அச்சிட்டிருக்கிறார். அண்ணிமார் சதியால் குளத்தில் மூழ்கி இறந்த தங்கை, கரையில் மூங்கிலாக முளைக்கிறாள். ஒரு ஜோகி அதை வெட்டிப் பிடில் செய்கிறார். வாசித்தால் அவள் குரலே கேட்கிறது! இறந்தவரின் குரலை ஒரு பொருளுக்குள் வைத்துக் கேட்கலாம் என்ற ஆசை கிராமபோனுக்கு முன்பே மனிதனுக்கு இருந்திருக்கிறது.

நம் வீட்டுப் பாட்டு

நம் பாட்டுகளுக்கும் இதே கதிதான். பம்புசெட் வந்ததும் ஏற்றப்பாட்டு நின்றது. நடவு இயந்திரம் வந்த வயலில் நடவுப்பாட்டு இல்லை. பாட்டை மறந்தது யார் குற்றமும் அல்ல; வேலை போனதும் பாட்டும் போயிற்று. நா. வானமாமலை போன்றோர் வரிகளைத் தொகுத்து நூலாகத் தந்தார்கள். ஆனால் ஒரு கிழவியின் இழுப்பும் விம்மலும் அச்சில் வராது.

பிழைப்புக்காகக் கல்கத்தா வந்த நமக்கு இதில் தனிப் பங்கு உண்டு. இங்கே பிறந்த பிள்ளைக்கு வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் வருகிறது. ஆச்சியின் தாலாட்டு வருவதில்லை. ஊரில் அந்த ஆச்சிக்கு வயது எண்பது.

பாக்கே கப்பலில் கொண்டுவந்த கருவியைவிட நல்ல கருவி இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறது. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது செய்து பாருங்கள். மின்விசிறியையும் டி.வி.யையும் நிறுத்துங்கள். பாட்டின் நடுவே பேசாதீர்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி, எந்தச் சமயத்தில் பாடுவது, யாரிடம் கற்றது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதியுங்கள். பிறருக்குப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் நாளில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பவர்கள் உண்டு. அவர்களை வற்புறுத்த வேண்டாம். தாலாட்டில் தொடங்கினால் மற்றவை தாமாக வரும். முடிந்ததும் இரண்டு மூன்று இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். ஒரே செல்போனில் வைத்தால், போன் தொலைந்த அன்று பாட்டும் தொலையும்.

காளிகாட் ஓவியரின் பாட்டைப் பிடிக்க அன்று கருவி இல்லை. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் பாட்டுக்கு அந்தச் சாக்குச் சொல்ல முடியாது.